விவசாய ஆலோசனையை மட்டும் விற்கும் தொழில்: யூடியூபா, வாட்ஸ்அப்பா, விளம்பரமா? டெல்டாக்காரர்கள் சொல்லுங்கள்

வடுவூர்_வயல் எழுதியது:

வணக்கம். மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் இருக்கிறேன். வேளாண்மை டிப்ளமா படித்துவிட்டு ஒரு உரக்கடையில் பல வருடம் வேலை பார்த்தவன். கடைக்கு வருகிறவர்கள் இலையைப் பிய்த்துக்கொண்டு வந்து காட்டுவார்கள், நான் பார்த்துச் சொல்வேன், ஆனால் என்ன சொன்னாலும் கடைசியில் ஒரு பாட்டில் விற்றாக வேண்டும். மருந்தே வேண்டாம், தண்ணீரை வடித்துவிட்டு நாலு நாள் பாருங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்திலும் பாட்டில்தான். அதனால் வெளியே வந்துவிட்டேன். இனி பொருள் எதுவும் விற்கப் போவதில்லை, ஆலோசனையை மட்டும்தான் விற்கப் போகிறேன்.

திட்டம் இதுதான். நாற்றங்காலில் தொடங்கி அரசு நெல் கொள்முதல் நிலையம் வரை வாரம் ஒரு குரல் செய்தி, கூடவே ஒரு பிடிஎஃப் கையேடு, சந்தேகம் கேட்க ஒரு வாட்ஸ்அப் குழு. ஒரு போகத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். ஜூனில் தொடங்கும் குறுவைக்கு ஒன்று, சம்பாவுக்கும் குறுவைக்குப் பின் நடும் தாளடிக்கும் சேர்த்து ஒன்று.

இதை நாலு பேருக்குத் தெரியப்படுத்த எங்கே தொடங்குவது? யூடியூப் சேனலா, ஃபேஸ்புக் விளம்பரமா, வாட்ஸ்அப் போதுமா? கையில் பெரிய பணம் இல்லை. இதை ஏற்கனவே செய்கிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குடந்தை_கணினி எழுதியது:

கும்பகோணத்தில் கடைகளுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் ஆன்லைன் விளம்பரம் செய்து கொடுப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

யூடியூபா வாட்ஸ்அப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, இரண்டுக்கும் வேலை வேறு. முகம் தெரியாதவர் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கிற இடம் யூடியூப். கண்டுபிடித்தவர் காசு கொடுக்கும் வரை உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் இடம் வாட்ஸ்அப். ஃபேஸ்புக் விளம்பரம், ஏற்கனவே ஓடுகிற ஒன்றை இன்னும் வேகமாக ஓடவைக்கத்தான். எதுவும் ஓடாதபோது விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் போன பணம் போனதுதான், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு.

யூடியூப் வருமானத்தை நம்பி யாரும் இந்தத் தொழிலைத் திட்டமிட வேண்டாம். விளம்பரப் பணம் வரவே 1000 சந்தாதாரரும் 12 மாதத்துக்குள் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அது வந்த பிறகும் தமிழ் விவசாய வீடியோவுக்குக் கிடைப்பது பெரிய தொகை இல்லை. உங்களுக்கு 300 பேர் பார்க்கும் வீடியோ போதும், அந்த 300 பேரும் சரியான ஆட்களாக இருந்தால்.

வாட்ஸ்அப்பில் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதனால் ஒருவர் முதன்முதலில் பேசும்போதே "இந்த எண்ணை வடுவூர் நெல் ஆலோசனை என்று சேமித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டு வாங்கிவிட வேண்டும். குழு என்றால் 1024 பேர் வரை இருக்கலாம், ஆனால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். முக்கியமாகப் பெண்கள் இதனாலேயே வெளியேறிவிடுவார்கள். 2023இல் வந்த சேனல் வசதியில் எண் வெளியே தெரியாது. இலவசச் செய்திக்கு சேனல், பணம் கட்டியவர்களுக்குக் குழு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

திருத்துறைப்பூண்டி_விதை எழுதியது:

தம்பி, கோபப்படாமல் படியுங்கள். விவசாயியிடம் பயிர் அறிவைக் காசுக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஐயா விதைத் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுப்பார், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் ஒரே நிபந்தனை. விதையோடு அதை எப்படி வளர்ப்பது என்பதையும் சொல்லித்தான் அனுப்புவார். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் கருப்புக் கவுனியும் இன்றைக்கு இவ்வளவு பேர் கையில் இருக்கிறதென்றால் அப்படி வந்ததுதான். நம்மாழ்வார் ஐயாவும் ஊர் ஊராகப் போய் இயற்கை வேளாண்மையைச் சொல்லிக்கொடுத்தார்.

ஏற்கனவே அரசின் உழவன் செயலி இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பயிருக்கும் தமிழிலேயே எல்லாம் போட்டிருக்கிறார்கள், நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அத்தனையும் இலவசம். அதற்கு மேல் நீங்கள் எதை விற்கப் போகிறீர்கள்?

பேராவூரணி_தென்னை எழுதியது:

அண்ணன் சொல்வதில் பாதி நியாயம். மீதிக்குப் பதில் சொல்கிறேன்.

நான் தென்னை பற்றி யூடியூபில் பேசுகிறவன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தோப்பையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகுதான் தொடங்கினேன். அப்போது எல்லாருக்கும் ஒரே கேள்வி, சாய்ந்த மரத்தை நிமிர்த்தலாமா வெட்டலாமா, புதுக் கன்று எங்கே வாங்குவது, நெட்டையா குட்டையா. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த தகவல் எல்லாம் எழுத்தில் இருந்தது, ஆனால் தோப்பில் நின்றுகொண்டிருக்கிறவனுக்கு அவன் மரத்தைப் பார்த்து யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

தகவல் இலவசமாகத்தான் கிடக்கிறது. அதில் எது இந்த வாரம், எது இந்த மண்ணுக்கு, எது இந்த மரத்துக்கு என்று எடுத்துக்கொடுப்பதற்கு ஒரு ஆளின் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் காசு. அது தப்பில்லை.

வெள்ளை ஈயையே எடுத்துக்கொள்ளுங்கள். சுருள் வெள்ளை ஈ வந்ததும் எல்லாரும் கேட்டது எந்த மருந்து என்று. மருந்து அடித்தால் அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துவிடும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள் என்று பல்கலைக்கழகம் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். ஆனால் பொறியை எந்த உயரத்தில் கட்டுவது, பொறியில் பூசிய எண்ணெய் காய்ந்துபோனால் எப்போது திரும்பத் தடவுவது என்று மரத்தடியில் நின்று காட்டினேன். அந்த வீடியோதான் இன்றுவரை எனக்குப் புது ஆட்களைக் கொண்டுவருகிறது. பெரிய கேமரா கிடையாது, போனும் சட்டையில் குத்துகிற ஒரு மைக்கும்தான். படம் சுமாராக இருந்தால் மன்னித்துவிடுவார்கள், குரல் கேட்கவில்லை என்றால் உடனே போய்விடுவார்கள். தோப்பில் காற்று இரைச்சல் இருக்கும், மைக்குக்கு ஒரு பஞ்சு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வு_வேளாண்மை எழுதியது:

நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பேச்சு எனக்குப் பழைய நாட்களை நினைவூட்டுகிறது. 1960இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது, நாங்கள் பேக்கேஜ் திட்டம் என்போம். ஆடுதுறை 27 என்ற நெல்லை அந்த 60களில் திருச்சி வானொலிதான் வயல்வரப்பு வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. விவசாயிகளே அதை ரேடியோ நெல் என்று கேட்டு வாங்கினார்கள். எங்களுக்கு முன்பிருந்த அதிகாரிகள் இதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களைப் பழக்கினார்கள்.

அது ஏன் எடுபட்டது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். வானொலியில் சொன்னது அந்த வாரம் செய்ய வேண்டிய வேலை. கேட்டவன் மறுநாள் வயலுக்குப் போகும்போது அது கையில் இருந்தது. இன்று யூடியூபில் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே வீடியோவில் சொல்கிறார்கள், விதை நேர்த்தி முதல் அறுவடை வரை 40 நிமிடம். கேட்பவனுக்கு அதில் ஒரு நிமிடம்தான் அன்றைக்கு வேண்டியது.

எனக்கு இரண்டு கவலை உண்டு. ஒன்று, விளைச்சலுக்கு உறுதி கொடுக்காதீர்கள். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று தலைப்புப் போட்டால் கூட்டம் வரும், ஆனால் நவம்பரில் மழை அடித்துப் பயிர் நாலு நாள் தண்ணீருக்குள் நின்றால் அந்த உறுதி என்ன ஆகும்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு அபராதம் உண்டு. இன்னொன்று, பூச்சிமருந்தின் பெயரும் அளவும் சொல்லும்போது அந்த மருந்தின் லேபிளில் நெல்லும் அந்தப் பூச்சியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். குரல் செய்தி பத்துக் கை மாறும், யாரோ ஒருவர் அதை உளுந்துக்கு அடித்துவிடுவார்.

வடுவூர்_வயல் எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. விளைச்சல் உறுதி கொடுக்கவே மாட்டேன். ஒவ்வொரு குரல் செய்தியின் தொடக்கத்திலும் தேதி, பயிர், எத்தனை நாள் பயிர், எந்தப் பாசனம் என்று சொல்லிவிட்டுத்தான் பேசுவேன்.

திருத்துறைப்பூண்டி அண்ணனுக்கு: நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, மனதில் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் 3 மா, 4 மா, அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவரிடம் காசு கேட்க எனக்கும் மனம் வரவில்லை. அப்படியென்றால் யாரிடம் கேட்பது என்பதில்தான் நிற்கிறேன்.

சிங்கை_நாகை எழுதியது:

யாரிடம் என்று நான் சொல்கிறேன், என்னிடம் கேளுங்கள்.

கீழ்வேளூர் பக்கம் எங்களுக்கு நிலம் இருக்கிறது. அப்பா இருந்தவரை அவர் பார்த்தார். இப்போது சித்தப்பா முறை ஒருவர் பார்த்துக்கொள்கிறார், நான் சிங்கப்பூரில் இருந்து பணம் அனுப்புகிறேன். நடவுக்கு இவ்வளவு, களைக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று போன் வரும், அனுப்புவேன். அவர் நேர்மையானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வாரம் வயலில் என்ன நடக்க வேண்டும், எதற்காக இந்தச் செலவு என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கேட்டால் தம்பிக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்பதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் பத்து நிமிடம் பேசி, உங்கள் பயிர் இப்போது தூர் கட்டும் பருவம், இந்த வாரம் இதைப் பாருங்கள், செலவு ஏறத்தாழ இவ்வளவு வரும் என்று சொன்னால் நான் சித்தப்பாவிடம் அக்கறையோடு பேச முடியும். அதற்குக் கட்டணம் கொடுக்க நான் தயார், என்னைப் போல இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் எங்கே போனாலும் டெல்டாக்காரனைப் பார்க்கலாம். எங்களில் பாதிப் பேருக்கு ஊரில் நிலம் உண்டு. நாங்கள் யூடியூபில் தேடுவது எந்த மருந்து என்று இல்லை, ஊரில் இப்போது என்ன நடக்கிறது என்று. மேட்டூரில் எத்தனை அடி என்று தினமும் பார்க்கிற ஆள் நான்.

குடந்தை_கணினி எழுதியது:

இந்த ஒரு பதிவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வடுவூர் தம்பி, உங்கள் வாடிக்கையாளர் இவர்தான்.

ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் மாறிவிடும். ஃபேஸ்புக் விளம்பரம் போட்டாலும் மன்னார்குடியைச் சுற்றி வட்டம் போட வேண்டாம், இடம் சிங்கப்பூர், மொழி தமிழ் என்று வையுங்கள். விளம்பரத்தைத் தட்டினால் நேராக உங்கள் வாட்ஸ்அப் உரையாடல் திறக்கிற மாதிரி அமைக்கலாம், தனி இணையதளம் இப்போதைக்குத் தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் வசதி இருக்கிறது. விசாரித்தவர், கட்டணம் கேட்டவர், கட்டியவர் என்று பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் நடவுக் காலத்தில் யார் என்ன கேட்டார் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

நேரமும் மாறும். சிங்கப்பூரில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாயில் ஒன்றரை மணி பின்னால். குவைத்திலும் சவுதியிலும் விடுமுறை வெள்ளி, சனி, சிங்கப்பூரில் சனி, ஞாயிறு. சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் போட்டால் எல்லாருக்கும் கையில் போன் இருக்கும் நேரமாக அமையும்.

பணம் வாங்குவதையும் யோசியுங்கள். வெளிநாட்டு எண்ணில் யுபிஐ வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். 2023 ஜனவரியில் சிங்கப்பூர், அமீரகம், ஓமன், கத்தார், சவுதி உட்பட 10 நாட்டு எண்களுக்கு அனுமதி கொடுத்தார்கள், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும். வங்கிக்கு வங்கி வேறுபடும் என்பதால், அது முடியாதவர்களுக்காக கார்டில் பணம் கட்ட ஒரு பேமென்ட் கேட்வே இணைப்பும் வைத்திருங்கள்.

தஞ்சை_ஓவியம் எழுதியது:

நான் தஞ்சாவூர் ஓவியம் ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கிறேன். துறை வேறு, ஆனால் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குவதுதான் எனக்கும் தொழில், அதனால் எழுதுகிறேன்.

எதை இலவசமாகக் கொடுப்பது, எதற்குக் காசு வாங்குவது என்பதில் எல்லாரும் குழம்புவார்கள். பாதியைக் காட்டிவிட்டு மீதிக்குப் பணம் கட்டு என்றால் பார்க்கிறவருக்கு எரிச்சல்தான் வரும். நான் பலகையில் துணி ஒட்டுவது, சுண்ணத் தூளும் பசையும் சேர்த்து மக்கு கலப்பது, தங்கத் தகடான ரேக்கு ஒட்டுவது எல்லாவற்றையும் முழுசாக இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறேன், எதையும் மறைத்ததில்லை. அதைப் பார்த்து வீட்டிலேயே செய்து முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் பெரும்பாலானவர்கள் மக்கு வெடித்துவிட்டது ஏன் என்று புகைப்படம் அனுப்பிக் கேட்பார்கள். வகுப்பு என்பது அந்தக் கேள்விக்கான பதில்தான். சனிக்கிழமை நேரலையில் ஒவ்வொருவர் பலகையையும் பார்த்துச் சொல்கிறேன். பதிவு செய்த வீடியோவை மட்டும் விற்றால் பாதிப் பேர் மூன்றாவது பாடத்தோடு நிறுத்திவிடுவார்கள், நிறுத்தியவர் யாரிடமும் உங்களைப் பற்றிச் சொல்ல மாட்டார். முடித்தவர் தன் படத்தைச் சுவரில் மாட்டிப் பகிர்வார், அதைப் பார்த்து நாலு பேர் வருவார்கள். எனக்கு வரும் மாணவர்களில் அதிகம் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

அதனால் தம்பி, ஆட்களைச் சேர்ப்பதில் செலவிடும் நேரத்தைவிட, சேர்ந்தவரைப் போகம் முடியும் வரை கூடவே அழைத்துப் போவதில் அதிக நேரம் செலவிடுங்கள். முதல் போகத்துக்குக் கொஞ்சம் பேரை மட்டும் சேருங்கள். அவர்கள் அறுவடை முடிந்து பேசும் ஒரு நிமிடக் குரல், அவர்கள் சம்மதித்தால் மட்டும், உங்களுக்கு எந்த விளம்பரத்தையும்விடப் பெரியது.

மாயூரம்_தேர்வு எழுதியது:

மயிலாடுதுறையில் டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்களுக்குக் குறிப்புகள் எழுதி விற்கிறேன். யாரும் தொடாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், திருட்டு.

பிடிஎஃப் விற்றால் இரண்டாவது நாள் அது டெலிகிராமில் இருக்கும். எங்கள் துறையில் இது தினசரி. புகார் செய்தால் ஒரு சேனலை எடுப்பார்கள், இன்னொன்று முளைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் வாங்கியவர் பெயரையும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் மெல்லிய எழுத்தில் அச்சிட்டு அனுப்புகிறேன், அதற்குப் பிறகு பகிர்வது நன்றாகக் குறைந்தது. ஆனால் அதைவிட முக்கியமானது, பிடிஎஃப்பையே விற்கும் பொருளாக வைக்காதீர்கள். உங்கள் விஷயத்தில் வாரம் வாரம் பேசுகிற பேச்சுதான் பொருள், போன வாரத்துக் குரல் செய்தியைத் திருடி யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. நெல் வயலுக்கு அது பொருந்துகிறது, எங்களுக்குத்தான் பாடத்திட்டம் மாறாததால் இந்தத் தொல்லை.

பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் விளம்பரத்துக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்று போடக் கூடாது, தேர்வானவர் படத்தை அவர் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் போடக் கூடாது. பங்குச்சந்தை ஆலோசனை விற்பதாக இருந்தால் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

வடுவூர்_வயல் எழுதியது:

சிங்கை அண்ணா, நீங்கள் எழுதியதை நேற்று இரவு திரும்பத் திரும்பப் படித்தேன். உரக்கடையில் நின்றபோது வெளிநாட்டில் இருந்து மகன் போன் பேசிக்கொண்டே அப்பாவைக் கடைக்கு அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மகனுக்காகத்தான் இந்தச் சேவை என்று இப்போது தெளிவாகிவிட்டது.

ஒரு சந்தேகம். உங்கள் சித்தப்பா இதை எப்படி எடுத்துக்கொள்வார்? நான் வெளியில் இருந்து உளவு பார்க்கிற ஆள் மாதிரி ஆகிவிடக் கூடாது. வயலில் நிற்கிறவருடைய அனுபவம் என் டிப்ளமாவைவிடப் பெரியது.

சிங்கை_நாகை எழுதியது:

அதற்கு ஒரு வழி இருக்கிறது, குழுவில் சித்தப்பாவையும் சேர்த்துவிடுங்கள். ஒரு கட்டணத்துக்கு இரண்டு எண், ஒன்று பணம் அனுப்புகிறவருடையது, இன்னொன்று வயலில் நிற்கிறவருடையது. இருவரும் ஒரே செய்தியைக் கேட்டால் ஒளிவு மறைவு இல்லை. உங்கள் பேச்சில் "இதில் உங்கள் வயல்காரர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள், ஏன் என்று எனக்கும் சொல்லுங்கள்" என்று ஒரு வரி இருக்கட்டும். சித்தப்பா மாதிரி ஆட்கள் அந்த ஒரு வரியிலேயே உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

இன்னொன்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். எங்கள் நிலம் கடைமடை, கொஞ்சம் உப்பு ஏறிய மண், தண்ணீர் கடைசியாக வரும். உங்கள் வடவாற்றுப் பாசனக் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது. அதை நீங்களே முதலில் சொன்னால் உங்களை நம்பிப் பணம் கட்டுவேன்.

பேராவூரணி_தென்னை எழுதியது:

இரண்டு எண் யோசனை அருமை. நானும் தோப்புக்காரர்களுக்கு இதைச் செய்யப் போகிறேன்.

வீடியோ எப்போது போடுவது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டெல்டாவில் நாள்காட்டிதான் எல்லாம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறக்கும். திறந்த பிறகு குறுவைக்கு எந்த ரகம் என்று வீடியோ போட்டால் தாமதம், அதற்குள் விதை வாங்கி முடித்திருப்பார்கள். மே கடைசியிலேயே வீடியோ யூடியூபில் இருந்தால்தான் தேடுகிறவர்கள் கண்ணில் படும். அக்டோபர் கடைசியில் பயிர்க் காப்பீடு பற்றிப் பேசுங்கள், சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15தான் கடைசித் தேதி, அந்த நேரத்தில் என்ன பயிர் என்பதற்குச் சான்றான அடங்கல் வாங்க எல்லாரும் அலைவார்கள். குறுவை அறுவடையில் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பதுதான் பெரிய தலைவலி, மழையில் நெல்லைக் காயவைப்பது பற்றிப் போடுங்கள். ஜனவரியில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் உளுந்து தெளிப்பது. இவை எல்லாம் வருடா வருடம் வரும் கேள்விகள், ஒருமுறை நன்றாக எடுத்துவிட்டால் அடுத்த வருடமும் அதே வீடியோ ஆளைக் கூட்டிக்கொண்டு வரும், தேதியும் ரகமும் மாறியிருந்தால் மட்டும் புதிதாக எடுங்கள்.

தலைப்பைத் தமிழ் எழுத்திலும், அதையே ஆங்கில எழுத்தில் தட்டியும் வையுங்கள். நம் ஆட்கள் குரலில் தேடுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் தேடுவார்கள். பூச்சிக்குப் புத்தகத்தில் இருக்கும் பெயர் வேண்டாம், ஊரில் சொல்கிற மாதிரி போடுங்கள், இலைச்சுருட்டு, குருத்துப்பூச்சி, புகையான், ஆனைக்கொம்பன். ஷார்ட்ஸ் போட்டால் அதன் விளக்கத்தில் வைக்கும் இணைப்பைத் தட்ட முடியாது, 2023இலேயே நிறுத்திவிட்டார்கள். ஷார்ட்ஸில் இருந்து உங்கள் பெரிய வீடியோவுக்குத் தொடர்புடைய வீடியோ என்று இணைத்துவிட்டு, அந்தப் பெரிய வீடியோவின் விளக்கத்தில் வாட்ஸ்அப் இணைப்பை வையுங்கள்.

குடந்தை_கணினி எழுதியது:

நாள்காட்டி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் இந்தத் தொழிலில் இறங்கியது தெரிந்ததும், கோர்ஸ் விற்பது எப்படி என்று கோர்ஸ் விற்கிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். 99 ரூபாய் வெபினார் என்று அழைப்பார்கள், இரண்டு மணி நேரம் கார், வீடு, வங்கி ஸ்கிரீன்ஷாட் காட்டுவார்கள், கடைசியில் ஐம்பதாயிரம் கட்டினால் கைபிடித்து அழைத்துப் போவதாகச் சொல்வார்கள், இன்றிரவு 12 மணிக்குள் கட்ட வேண்டும் என்பார்கள். என்னிடம் வந்த ஒரு அக்கா நகையை அடகு வைத்துக் கட்டியிருந்தார். அவருக்குக் கிடைத்தது யூடியூபில் இலவசமாக இருக்கும் அதே பாடம். கோபம் கோபமாக வருகிறது. தகவல் விற்கும் தொழிலுக்கே கெட்ட பெயர் வந்தது இவர்களால்தான். அந்தக் கடைசி மணி நேர மிரட்டலை நீங்களும் பயன்படுத்தாதீர்கள், கட்டணத்தையும் முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள், கால் பண்ணுங்கள் சொல்கிறேன் என்று இழுக்க வேண்டாம்.

கணக்கு வழக்கு: வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, வெளிநாட்டில் இருந்து பணம் வருவதால் ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வாங்கும் எண்களை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. உரக்கடைக்காரர்கள் உங்கள் பட்டியலைக் கேட்டு நிச்சயம் வருவார்கள், நல்ல விலையும் சொல்வார்கள்.

வடுவூர்_வயல் எழுதியது:

அந்தப் பட்டியல் யாருக்கும் போகாது. பொருள் விற்காமல் இருப்பதற்காகத்தானே வெளியே வந்தேன்.

இப்போது முடிவு செய்திருப்பது இது. வயலுக்கு வெளியே இருக்கும் நில உரிமையாளர்களுக்கு மட்டும் கட்டணச் சேவை, ஒரு கட்டணத்துக்கு இரண்டு எண். முதல் போகம் வரும் சம்பா, நான் நேரில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கும் நிலங்களுக்கு மட்டும். கடைமடைக்கு இப்போதைக்கு எடுக்கவில்லை. சிங்கை அண்ணா மன்னிக்கவும், உங்கள் மண்ணுக்கு நீங்கள் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் பேசுவதுதான் நல்லது.

வாரக் குரல் செய்தியில் பொதுவான பகுதி மூன்று நிமிடம் வரும். அதை வாட்ஸ்அப் சேனலில் எல்லாருக்கும் இலவசமாகவே போட்டுவிடுவேன், எங்கள் ஊர் விவசாயி யார் வேண்டுமானாலும் கேட்கலாம், வீட்டுக்கு வந்து இலையைக் காட்டினாலும் காசு கிடையாது. தனித்தனி வயலின் புகைப்படம் பார்த்துப் பேசுவதற்கும், செலவுக் கணக்குக்கும் மட்டும் கட்டணம். யூடியூபில் பேராவூரணி அண்ணன் சொன்ன நாள்காட்டிப்படி சின்னச் சின்ன வீடியோ, ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி. விளம்பரத்துக்கு முதல் போகத்தில் செலவு செய்யப் போவதில்லை.

திருத்துறைப்பூண்டி அண்ணே, இது உங்களுக்கு எப்படிப் படுகிறது?

திருத்துறைப்பூண்டி_விதை எழுதியது:

உள்ளூர்க்காரனுக்கு இலவசம் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு மனக்குறை தீர்ந்தது தம்பி. தூரத்தில் இருந்து பணம் அனுப்புகிறவர் கொடுக்கட்டும், அந்தக் காசில் நீங்கள் ஊரில் நின்று வேலை பாருங்கள். அப்படிப் பார்த்தால் ஜெயராமன் ஐயாவின் 2 கிலோ 4 கிலோ கணக்குக்கு இது ரொம்ப தூரத்தில் இல்லை.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. நீங்கள் பேசப் போவது பெரும்பாலும் ஆடுதுறை, சிஆர் 1009 போன்ற ஆராய்ச்சி நிலைய ரகங்களைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் சொந்த நிலத்தில் ஒரு மாவாவது தூயமல்லியோ கருப்புக் கவுனியோ போட்டு வீட்டுக்கு அரிசி வேண்டும் என்று கேட்கிறார்கள். பூங்கார் 90 நாளில் வந்துவிடும், காட்டுயானம் 180 நாள் நிற்கும், மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளர்ந்து மழைக்குச் சாயும், இதைத் தெரியாமல் விதைத்துவிட்டு அடுத்த போகத்துக்கு நேரம் இல்லாமல் தவிக்கிறார்கள். ரக வாரியாக வயது, விதைக்கும் பட்டம், எந்த மண் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். அதை உங்கள் இலவசச் சேனலில் போடுவதாக இருந்தால் தருகிறேன், பணம் வேண்டாம். கட்டணக் குழுவில் மட்டும் பூட்டி வைப்பதாக இருந்தால் தர மாட்டேன்.

வடுவூர்_வயல் எழுதியது:

இலவசச் சேனலில்தான் அண்ணே, உங்கள் பெயரோடு. தனிச் செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன். ஆடி பிறப்பதற்குள் தந்தால் சம்பா விதைப்புக்கு முன்னால் போட்டுவிடலாம்.

ஓய்வு_வேளாண்மை எழுதியது:

பட்டியலைப் போடும் முன் எனக்கும் ஒருமுறை அனுப்புங்கள். தாளடிக்கு ஒத்துவராத ரகங்களைக் குறித்துத் தருகிறேன்.